ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டலாமா?

வெட்டி விழுந்த செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். நேரம் கடந்தாலும் அடிபட்டாலும் பழத்தில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவர் விலையில் கை வைப்பார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அந்த ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது; பழத்தின் அவசரம் மட்டும் மாறவில்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங், வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூரின் கெர்லிங், கலும்பாங் என்று தோட்டத்து மண்சாலைகளில் ஓடும் பழ லோரி எதுவானாலும் இந்த நேரக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

அந்த அவசரத்துக்கு நடுவில்தான் டேஷ்போர்டில் எஞ்சின் எண்ணெய் அழுத்த விளக்கு எரிகிறது. ஓட்டுநர் தொலைபேசியில் பட்டறைப் போமனைக் கூப்பிடுகிறார்.

“அண்ணே, ஐடல்ல நிக்கிறப்ப வெளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. மிதிச்சா அணைஞ்சிடுது.”

“ஒரு லிட்டர் ஊத்திட்டு இந்த லோடை எறக்கிட்டு வா தம்பி, பாத்துக்கலாம்.”

கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பட்டறைகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. ஓட்டுநர் சொன்னதில் நோயின் பாதி விவரம் இருக்கிறது. போமன் சொன்னதில் எஞ்சின் போவதற்கான வழி இருக்கிறது.

எண்ணெய்ப் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பம்ப் தருவது ஓட்டம் மட்டும். அது சம்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் வழியாக எண்ணெயை உறிஞ்சி, கூலருக்கும் ஃபில்டருக்கும் தள்ளி, எஞ்சின் பிளாக்கின் நீண்ட துளைக்குள் அனுப்புகிறது. அங்கிருந்து கிராங்க் பேரிங், கானராடு பேரிங், கேம், ராக்கர், டர்போ என்று கிளை பிரிகிறது. கிராங்கின் கழுத்துக்கும் பேரிங்குக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. எண்ணெய் அதில் புகுந்து வெளியேறத் திணறுவதால்தான் பின்னால் அழுத்தம் சேர்கிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் திணறல் போய்விடும், அழுத்தமும் போய்விடும். இடைவெளி எவ்வளவு பெருகுகிறதோ அதன் மூன்றாம் படிக்கு ஏற்ப ஒழுக்கு பெருகும் என்பது இயற்பியல்: இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுகுவது எட்டு மடங்கு. தேய்ந்துகொண்டிருக்கும் எஞ்சின் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் மளமளவென்று சரிவதன் காரணம் இதுதான்.

இதோடு எண்ணெயின் தடிப்பும் சேர்ந்துகொள்கிறது. 15டபிள்யூ-40 எண்ணெய்க்கு 40 டிகிரி செல்சியஸில் தடிப்பு 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல். 100 டிகிரியில் 14 அளவில்தான் இருக்கும். ஆகவே விடியற்காலையில் ஸ்டார்ட் செய்த லோரி ஏறக்குறைய எப்போதும் நல்ல அழுத்தம்தான் காட்டும். மத்தியானம் பாரத்தோடு வந்து ஆலை வாசலில் ஐடலில் நிற்கும்போது காட்டுவதுதான் உண்மை. பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, எண்ணெய் நீர்த்திருக்கிறது, இடைவெளிகள் சூட்டில் விரிந்திருக்கின்றன. மேற்சொன்ன ஓட்டுநரின் விளக்கு மிதித்ததும் அணைவதற்குக் காரணம், பம்பின் வேகம் கூடி ஒழுக்கை ஈடுகட்டுவதுதான். நோய் தீர்ந்து அணையவில்லை.

விளக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. அது முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை அல்ல. சாதாரண அழுத்த சுவிட்ச் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் விளக்கை ஏற்றும். கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின்களுக்குச் சூடான ஐடலில் குறைந்தது 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ, அதாவது 2.1 பார் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அளவு. ஹினோ, இசுஸு, ஃபுசோ ஒவ்வொன்றுக்கும் அதனதன் கையேட்டில் எண் உண்டு. ஆக முழுப் பாரத்தில், 2,000 சுற்றில், 2 பாருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 0.8 பார் இருந்தாலும் விளக்கு எரியாது. எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும், டேஷ்போர்டு அமைதியாக இருக்கும். ஓடும்போது விளக்கு எரிந்துவிட்டால் அடுத்த வளைவு வரை, அடுத்த கடை வரை என்று தள்ளிப்போட இடமில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பது ஒன்றுதான் வழி.

சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் செய்யாத நிலையில் அந்த விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். பழைய லோரி கை மாறும்போது இந்த வேலை நடப்பதுண்டு. புஸ்பாகோம் சோதனைக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை லோரி போய் வருகிறதே என்பது ஆறுதல் ஆகாது. அங்கே பிரேக், விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாம் பார்க்கிறார்கள்; எஞ்சினில் மீட்டர் பொருத்தி எண்ணெய் அழுத்தம் அளப்பது அந்தச் சோதனையில் இல்லை.

அளப்பது பெரிய வித்தையல்ல. அழுத்த சுவிட்ச்சைக் கழற்றி, அதே துளையில் ஊசி மீட்டரின் குழாயை முடுக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடலிலும் 2,000 சுற்றிலும் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ஜப்பானிய எஞ்சின்களில் அந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பிடி மரை. அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் மீட்டர் பெட்டிகள் பலவற்றில் வருவது அமெரிக்க என்பிடி மரை, அங்குலத்துக்கு 27. இரண்டும் முதல் சில சுற்றுக்கு ஒன்றுக்கொன்று பொருந்துவதுபோல் ஏமாற்றும். அழுத்தி முடுக்கினால் பிளாக்கின் மரை கெடும், அல்லது அங்கேயே புதுக் கசிவு பிறக்கும். அழுத்தத்தைச் சோதிக்கப் போய் எண்ணெயைச் சாலையில் விட்ட கதைகளுக்குப் பட்டறைகளில் பஞ்சமில்லை.

மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினால் சுவிட்ச்சோ வயரோ கெட்டிருக்கிறது, சில்லறைச் செலவு. மீட்டரும் குறைவாகக் காட்டினால்தான் மேற்கொண்டு தேட வேண்டும். மீட்டரே பார்க்காமல் முதலில் சுவிட்ச்சை மாற்றுவது, அடுத்துப் பம்ப்பை மாற்றுவது, அதற்கும் அடங்காவிட்டால் 20டபிள்யூ-50 ஊற்றுவது என்பது நம் பக்கத்துப் பழக்கம். தடித்த எண்ணெயும் புட்டியில் விற்கும் மருந்தும் ஊசியை ஏற்றிக் காட்டும். தேய்ந்த பேரிங்கைத் திருப்பித் தராது. விற்கப்போகிற லோரிக்கு அந்த வைத்தியம் செய்யப்படுகிறது என்பதை வாங்கப்போகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது டிப்ஸ்டிக். எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு விஷயம் தப்பிப்போகிறது: லோரி எப்படி நிற்கிறது, எண்ணெய் ஏறியிருக்கிறதா.

2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடலில் 1,373 பேரோடு போன வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பலின் டீசல் எஞ்சின்கள் புயலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாறைகளை நோக்கி மிதந்த கப்பலிலிருந்து 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் தெரிந்த காரணம் எண்ணெய் அழுத்தம் விழுந்தது. எண்ணெய்த் தொட்டிகளில் 68 முதல் 75 விழுக்காடு இருந்திருக்க வேண்டும். இருந்தது 28 முதல் 40. கப்பல் அமைதியான நீரில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. அலையில் சாய்ந்ததும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றைக் குடித்தது. விபத்துக்கு முன்னமே அளவுக் குறைவு மணி அடித்து அடித்து, சில நொடிகளில் தானே அடங்கியிருக்கிறது. கப்பல் எஞ்சினுக்கும் பழ லோரி எஞ்சினுக்கும் இந்த விஷயத்தில் பேதம் கிடையாது. குறைந்த அளவுக் கோட்டுக்கும் கீழே எண்ணெய் உள்ள லோரி கோல சிலாங்கூரின் தட்டையான கரையோரச் சாலையில் மாதக்கணக்கில் ஓடும். கெர்லிங் பக்கத்து மேட்டில் ஏறும்போது, அல்லது ஒரு சக்கரம் பாரிட் ஓரம் இறங்கிச் சாய்ந்து நிற்கும்போது, விளக்கு ஒரு கண் சிமிட்டும். சமதரைக்கு வந்ததும் அணைந்துவிடும். ஓட்டுநரும் மறந்துவிடுவார்.

எண்ணெய் ஏறுவது இதைவிட மோசம். ஊற்றாமலே டிப்ஸ்டிக்கில் கோடு உயர்ந்தால் உள்ளே வேறேதோ இறங்குகிறது. பால் கலந்த காப்பிபோல் கலங்கியிருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கட்டோ கூலரோ ஓட்டை. கறுப்பாகவே இருந்து நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு டீசல் கலந்தாலே எண்ணெயின் தடிப்பு ஒரு தரம் இறங்கிவிடக்கூடும். இதில் மலேசியாவுக்கென்று ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இங்கே 2011இல் பி5 டீசல் வந்தது, 2019 பிப்ரவரியில் போக்குவரத்துக்குப் பி10 கட்டாயமானது. அதாவது பத்தில் ஒரு பங்கு செம்பனையிலிருந்து வந்த மெத்தில் எஸ்டர். கனிம டீசலின் இலேசான பகுதி எஞ்சின் சூட்டில் ஓரளவு ஆவியாகி வெளியேறிவிடும். எஸ்டரின் கொதிநிலை உயர்வு. சம்புக்குள் இறங்கினால் அது அங்கேயே தங்கிவிடும். போதாததற்குப் பழைய எஞ்சின்களின் நைட்ரைல் ரப்பர் சீல்களை அது உப்ப வைத்து இளக்கும். தொண்ணூறுகளில் வந்த எஞ்சினுக்கு அந்தக் காலத்து ரப்பரே போதும் என்று கிடைத்ததை மாட்டுவது இன்றைய டீசலுக்குப் பொருந்தாது.

வாடை பிடிபடாதவர்களுக்கு ஒரு சோதனை. சூடான எண்ணெயில் ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டு ஒரு மணி நேரம் தனியே வைக்க வேண்டும். நடுவில் கரும்பொட்டு, அதைச் சுற்றி மங்கலாக விரிந்த சாம்பல் வட்டம் என்றால் எண்ணெய் இன்னும் கரியைச் சுமக்கிறது. கரும்பொட்டு விரியாமல் கூர்மையான விளிம்போடு உட்கார்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெளி ஓரத்தில் நிறமற்ற ஈர வளையம் நீளமாக ஓடினால் டீசல் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் ஆலை வரிசையில் நிற்கும்போதே செய்துவிடலாம்.

அந்த வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் காய்ப்பு உச்சத்துக்கு வரும்போது ஆலை முன்னால் லோரிகள் நீண்டு நிற்கும். குளிர்சாதனத்துக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, எண்ணெய்க்கு வயதாகும். ஐடலில் எரிப்பு அரைகுறையாக நடப்பதால் கரியும் டீசலும் வேறு சேரும். தோட்டத்து லோரிக்கு எண்ணெய் மாற்றும் கணக்கைக் கிலோமீட்டரில் வைப்பது நெடுஞ்சாலை லோரியின் கணக்கைக் கடன் வாங்குவது. மணிக்கணக்குதான் இங்கே பொருந்தும்.

இனி ஃபில்டர். எண்ணெய் மாற்றிய மறுநாள் ஃபில்டர் பக்கம் ஒழுகுகிறது என்று வரும் லோரிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரட்டை கேஸ்கட். பழைய ஃபில்டரைச் சுற்றிக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சூட்டில் ஒட்டிக்கொண்டு எஞ்சின் பக்கமே தங்கிவிடும். கறுத்து, எண்ணெய் பூசி, பின்னால் இருக்கும் உலோகத்தோடு ஒன்றிப்போய்க் கிடக்கும். கீழே படுத்தபடி டார்ச் அடித்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினால் தெரியும்: நகம் அமுங்கினால் ரப்பர், அமுங்காவிட்டால் உலோகம். தடவாதவர் புது ஃபில்டரை அதன் மேலேயே முடுக்கிவிடுவார். இரண்டு ரப்பர், ஒன்றன் மேல் ஒன்று. பட்டறையில் ஐடலில் ஒரு சொட்டும் வராது. லோரி கூட்டரசுச் சாலை 5இல் ஏறி வேகம் பிடிக்கும்போது, அதுவும் எண்ணெய் இன்னும் சூடேறாத முதல் பத்து நிமிடத்தில், அழுத்தம் 4 பாருக்கு மேல் போகும். அப்போது ஒரு ரப்பர் இன்னொன்றின் மேல் வழுக்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். பத்துப் பதினைந்து லிட்டர் எண்ணெய் வெளியேற அதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை.

வளையத்துக்குப் புது எண்ணெய் தடவி, கையால் முடுக்கி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று என்பது பொதுவான அளவு. சரியான அளவு ஃபில்டரின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். சங்கிலிச் சாவி கழற்றுவதற்கு மட்டும். அதை வைத்து முடுக்கினால் ரப்பர் நசுங்கி, தகரம் நெளிந்து, தடுக்க நினைத்த கசிவு அங்கேயே தொடங்கும். ஃபில்டரை முன்கூட்டி நிரப்புகிறவர்கள் நடுத்துளையில் ஊற்றக்கூடாது, ஏனென்றால் நடுத்துளை வடிகட்டியானபின் எண்ணெய் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் டப்பாவின் தூசி நேரே பேரிங்குக்குப் போகும். சுற்றியுள்ள சிறு துளைகளில்தான் ஊற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நொடிக்குள் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே அணைக்க வேண்டும்.

கேஸ்கட்டும் ஒழுங்கு, முடுக்கியதும் ஒழுங்கு, இருந்தும் மறுபடி மறுபடி ஃபில்டர் ஒழுகுகிறது, அல்லது ஃபில்டரின் தகரம் அடியில் உப்பி நிற்கிறது என்றால் ஃபில்டரைத் திட்டுவதில் பயனில்லை. பம்ப்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கக்கூடும். வழி கிடைக்காத எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது எக்கச்சக்க அழுத்தத்தில் ஃபில்டரைத் தாக்குகிறது. அதே வால்வு ஒரு தூசி சிக்கித் திறந்த நிலையில் நின்றுவிட்டால் எதிர்மாறாக அழுத்தம் எழவே எழாது. ஒரே உறுப்பு இரண்டு விதமாகவும் கெடுக்கும். ஃபில்டர் கசிவையும் அழுத்தக் கோளாறையும் இரண்டு தனிச் சீட்டில் எழுதும் பட்டறைக்கு இது கடைசிவரை பிடிபடாது. பட்டறையின் பெயரை விட்டுவிடுகிறேன். இப்படி மூன்று ஃபில்டரை அடுத்தடுத்து மாற்றி மூன்றுக்கும் கணக்கு எழுதிய சீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

அடைபட்ட ஃபில்டர் அழுத்தத்தைக் கட்டாயம் குறைத்துக் காட்டும் என்பதும் சரியல்ல. அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே எஞ்சினுக்கு விட்டுவிடும். எண்ணெயே இல்லாமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. மீட்டர் சாதாரணமாகத்தான் காட்டும். மலிவுப் போலிகளில் இந்த வால்வின் வில் பெயருக்கு இருக்கும். சதா திறந்தே கிடக்கும், அல்லது திறக்கவே திறக்காது. பழைய ஜப்பானிய லோரிகள் சிலவற்றில் முழு ஓட்ட ஃபில்டரும் பைபாஸ் ஃபில்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மரை ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டினாலும் அதே ஆபத்துதான்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் வெட்டிப் பார்க்கலாம். ரம்பமோ கிரைண்டரோ கூடாது. அதன் தூளும் உள்ளே விழுந்து குழப்பும். டின் திறப்பதுபோல் சுற்றி அறுக்கும் கருவி இருக்கிறது. தாள் மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால் காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளிவந்துவிட்டது என்று பொருள். அந்த லோரிக்கு ஒரு லோடு கூடக் கொடுக்கக்கூடாது.

வெளிக்கசிவைத் தேடுகிறவர்கள் ஒழுகித் தரையில் விழும் இடத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே மிக உயரத்தில், மிக முன்னால் ஈரமாக இருக்கும் இடமே மூலம். எஞ்சினைக் கழுவித் துடைத்து உலர்த்தி, சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, அரைமணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரத்தின் கோடு தெரியும். கேபினைத் தூக்கினால் தாங்குகோலைப் பூட்டாமல் தலையை உள்ளே விடக்கூடாது. காமன்ரெயில் எஞ்சின் ஓடும்போதும், குலை அள்ளும் கிரேனின் ஹைட்ராலிக் குழாயருகிலும் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. காமன்ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் போகும். ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பார்க்கலாம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, எண்ணெய் மட்டும் குறைகிறது என்றால் பிரேக் காற்றுத் தொட்டியின் வடிகுழாயைத் திறந்து பார்ப்பது நல்லது. காற்றுக் கம்ப்ரசருக்கு உயவு எஞ்சின் எண்ணெயிலிருந்துதான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு கலந்து பிரேக் தொட்டிக்குப் போய், வால்வுகளின் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். தண்ணீரோடு கரும்பசை வந்தால் அது இனி எண்ணெய்ப் பிரச்சினை அல்ல, பிரேக் பிரச்சினை. பாரம் ஏற்றிய லோரியில் இரண்டில் எது முந்தும் என்று காத்திருக்க முடியாது.

சூடான டர்போவின் மேல் விழும் சொட்டு வேறொரு வகை ஆபத்து. எஞ்சின் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்க முந்நூற்றுச் சொச்சம் டிகிரி போதும். பாரத்தில் மேடு ஏறும் எஞ்சினின் எக்சாஸ்ட் அதைச் சாதாரணமாகத் தாண்டும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து 469 பேரோடு கிளம்பிய குவாண்டாஸ் விமானத்தின் எஞ்சின் பாத்தாம் தீவுக்கு மேல் வெடித்ததற்குத் தொடக்கம், பேரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாய். மையம் தவறித் துளையிட்டதால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, விரிசல் விட்டு, எண்ணெய் சூட்டில் கசிந்து தானே தீப்பற்றியது. உயிரிழப்பு இல்லை. பழ லோரியின் எஞ்சின் அடியில் உதிர்ந்த காய்ந்த பழமும் நாரும் அடைந்து கிடக்கும்; தீக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

எண்ணெய் பட்டறைக்கு வருமுன்பே கெடுவதும் உண்டு. டிரம்மை வெளியே நிமிர்த்தி வைத்தால் மூடியின் மேல் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் டிரம் மூச்சுவிடும், இரவில் குளிர்ந்து உறிஞ்சும்போது மூடியின் மரை வழியாகத் தண்ணீரும் போகும். கூரை இல்லாத இடமென்றால் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டக் கோட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதைச் சிலாங்கூர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2020 செப்டம்பர் 3 அன்று ரவாங்கில் கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிற்கூடத்தின் கழிவு சுங்கை கோங் வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் கலந்ததால் 4 நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிகளில் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305, எண்ணெய் படிந்த துணிக்கும் ஃபில்டருக்கும் எஸ்டபிள்யூ 410 என்று எண் இருக்கிறது. 180 நாளுக்குமேல் இருப்பு வைக்கக்கூடாது, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துப் பாரிட்டில் ஊற்றுவது சட்டத்தின் கண்ணில் ரவாங் தொழிற்கூடம் செய்ததற்கு வேறானதல்ல.

இத்தனையையும் மீறிப் பேரிங் போய்விட்டதென்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சினை வாங்கி மாட்டும்போது, செலவைக் குறைக்க, செத்த எஞ்சினின் எண்ணெய்க் கூலரைக் கழுவி அதிலேயே பொருத்திவிடுகிறார்கள். கூலரின் குறுகிய மடிப்புகளுக்குள் பேரிங்கின் உலோகத்தூள் தங்கியிருக்கும். டீசல் விட்டு அலசினாலும், காற்று அடித்தாலும் முழுதும் வராது. எஞ்சின் சூடேறி எண்ணெய் ஓடத் தொடங்கியதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். பல எஞ்சின்களில் ஃபில்டர் கூலருக்குப் பின்னால்தான் இருக்கிறது, தூள் முதலில் அங்கே சேரும். ஃபில்டர் நிறைந்து பைபாஸ் திறந்ததும் புதிதாக மாட்டிய எஞ்சினின் பேரிங்குக்குப் போகும். எஞ்சின் வாங்கும் சீட்டிலேயே கூலரும் டர்போவின் எண்ணெய்க் குழாயும் புதிதா பழையதா என்று எழுதி வாங்க வேண்டும். பொருத்தி முடித்த அன்று சூடான ஐடலிலும் 2,000 சுற்றிலும் மீட்டர் காட்டிய எண்களும் அதே சீட்டில் இருக்க வேண்டும்.